கோபன்ஹேகனில் 19, மிலானில் 31: பிள்ளைகள் எப்போது தனியாகப் போகிறார்கள்?

கேட்கப்பட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய அண்ணன் மகள் கோபன்ஹேகனில் படிக்கிறார். மாலையில் ஓர் உணவகத்தில் வேலை. உடன் வேலை செய்யும் டேனிஷ் பிள்ளைகள் 19, 20 வயதிலேயே பெற்றோர் வீட்டை விட்டு வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். பெற்றோர் வீடு ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும் அப்படித்தான். கேட்டவருடன் முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர் மிலானில் இருக்கிறார். அவருடைய அலுவலகத்தில் 31 வயது இளைஞர் ஒருவர், சுமாரான சம்பளம் வாங்குபவர், அம்மா கட்டிக்கொடுத்த மதிய உணவோடு வருகிறார். "இரண்டும் ஐரோப்பாதானே? ஒரு பக்கம் பெற்றோருக்குப் பாசமே இல்லையா, மறுபக்கம் பிள்ளைகள் வளரவே இல்லையா?" என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பிள்ளைகள் எந்த வயதில் வீட்டை விட்டுத் தனியே போகிறார்கள் என்பது ஒன்று. எந்த வயதில் பெரியவர்களாகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை ஓரளவு எண்ணிச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு நாட்டுக்கு நாடு விடை மாறும். சில நாடுகளில் கேள்வியே மாறிவிடும். கேட்டவர் முதலாவதை முழக்கோலாக வைத்து இரண்டாவதை அளக்கப் பார்க்கிறார். அது நம் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம்தான்.

நான் மக்கள்தொகையியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளோடு மாரடிப்பதே என் பிழைப்பு. உளவியலாளன் அல்லன், ஆகவே பிள்ளைகளின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நான் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் தொடங்கிய புதிதில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் களப்பணிக்குப் போனேன். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். அவர் முதலில் சொன்ன பெயர் மூத்த மகனுடையது. அந்த மகன் துபாய்க்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியக் கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் சேர்ந்து வசித்து, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். அப்படியானால் அவரைச் சேர்க்க முடியாது என்றேன். "சோறுதான் இங்கே சாப்பிடவில்லை. அரிசி அவன் பணத்தில்தானே வாங்குகிறோம்" என்றார் அந்த அம்மா. விதிப்படி நான் அவர் பெயரை எழுதவில்லை. ஆனால் வீட்டில் இருப்பது, வீட்டை விட்டுப் போவது என்ற சொற்களைப் புள்ளிவிவர அட்டவணைகளில் பார்க்கும்போதெல்லாம் அந்த அரிசி நினைவுக்கு வந்துவிடுகிறது.

இனி எண்களுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் இதை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் ஒன்றியத்தின் சராசரி வயது 26.3. பின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் மூன்றும் 21க்கும் 22க்கும் இடையில். ஜெர்மனியும் பிரான்சும் 24ஐ ஒட்டி. இத்தாலி 30; ஸ்பெயினும் கிரீசும் 30ஐத் தாண்டிவிட்டன; குரோஷியா ஏறத்தாழ 32. பெண்கள் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஆண்களைவிடச் சுமார் இரண்டு ஆண்டுகள் முந்திக்கொள்கிறார்கள். ஆகவே உங்கள் அண்ணன் மகள் பார்த்ததும் உங்கள் நண்பர் பார்த்ததும் விதிவிலக்குகள் இல்லை. அந்தந்த ஊரின் நடைமுறையையே இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண்களைத் தசமப் புள்ளி வரைக்கும் நம்பிவிடக் கூடாது. யாரும் கதவருகே நின்று, பெட்டியோடு வெளியேறும் பிள்ளையின் வயதைக் குறித்துக்கொள்வதில்லை. ஒரு வயதினரில் சரிபாதிப் பேர் பெற்றோருடன் இல்லை என்ற நிலை எந்த வயதில் வருகிறதோ, அதையே 'வெளியேறும் வயது' என்று மதிப்பிடுகிறார்கள். வார நாட்களில் விடுதியிலும் சனி, ஞாயிறுகளில் அழுக்குத் துணி மூட்டையோடு அம்மா வீட்டிலும் இருக்கும் மாணவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். ஸ்வீடனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அதன் எண் 17.5. 2022இல் 21.4. இரண்டே ஆண்டில் ஸ்வீடன் பிள்ளைகளுக்கு வீட்டின் மேல் நான்கு ஆண்டுப் பாசம் கூடிவிடவில்லை. இடையில் கணக்கெடுக்கும் முறை மாறியது, அவ்வளவுதான். "ஸ்வீடனில் பதினேழு வயதிலேயே போய்விடுகிறார்களாம்" என்று பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த செய்தி அதோடு ஓசையில்லாமல் மறைந்தது. இந்த வரிசை மட்டும் பல பத்தாண்டுகளாக மாறவில்லை: வடக்கே சீக்கிரம், தெற்கேயும் கிழக்கேயும் தாமதம். அதைத் தயங்காமல் நம்பலாம்.

ஏன் இந்த வரிசை? என் துறையில் இருப்பவர்கள் பலரும் முதலில் பார்ப்பது செலவுக் கணக்கை. பள்ளி முடிகிற நாளுக்கும், சொந்தச் சம்பளத்தில் சோறும் வாடகையும் கட்டுப்படியாகும் நாளுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் அது ஒரு வாய்க்கால் அகலம், தாண்டிவிடலாம். படிப்பு நீண்டு, நிரந்தர வேலை அரிதாகி, வாடகை ஏறி, இப்போது அது ஓர் ஆற்றின் அகலம் ஆகிவிட்டது. இந்த ஆற்றுக்குப் பாலம் போடுவது யார்? டென்மார்க்கில் அரசு. இத்தாலியில் அப்பா, அம்மா. அமெரிக்காவில் பெரும்பாலும் கடன்.

டென்மார்க்கில் 18 வயது நிரம்பிய மாணவருக்கு அரசு மாதந்தோறும் படிப்புத்தொகை தருகிறது. சுருக்கமாக எஸ்யூ என்பார்கள். உயர்கல்வி படித்துக்கொண்டு பெற்றோரைப் பிரிந்து வாழ்பவருக்கு இப்போது வரிக்கு முன் மாதம் 6,500 குரோனருக்கு மேல் வருகிறது. இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். கல்லூரிக் கட்டணமும் கிடையாது. அப்பா கோடீஸ்வரரா, கூலிக்காரரா என்று கேட்பதும் இல்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதே மாணவர் பெற்றோர் வீட்டிலேயே இருந்தால் அதில் பாதிகூட வராது. பெற்றோரின் வருமானம் கூடக்கூட அதுவும் குறையும். அதாவது, கிளம்பு என்று அரசே பின்னாலிருந்து மெல்லத் தள்ளுகிறது. பதின்மூன்று வயதிலிருந்தே மளிகைக் கடையில் பொருள் அடுக்குவது, விளம்பரத் தாள் போடுவது போன்ற சின்ன வேலைகளைச் சட்டப்படி செய்து பழகியவர்களுக்கு, மிச்சச் செலவுக்கு மாலையில் ஓர் உணவக வேலை பெரிய சங்கதி இல்லை. வாடகை வீடுகளைப் பொறுத்தவரை, டென்மார்க்கின் குடியிருப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று லாப நோக்கில்லாத சங்கங்களுடையது. இவ்வளவும் இருக்கும் இடத்தில் 20 வயதில் தனியாகப் போவதற்கு அசாத்தியத் துணிச்சல் எதுவும் தேவையில்லை.

மிலானுக்கு வாருங்கள். இத்தாலியில் படிப்பு உதவித்தொகை உண்டு. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். மாணவர் விடுதிப் படுக்கைகள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2023 மே மாதத்தில் மிலான் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் எதிரே ஒரு மாணவி வாடகைக் கொடுமையைக் காட்டக் கூடாரம் அடித்துத் தங்கினார்; சில நாட்களில் மற்ற நகரங்களின் பல்கலைக்கழக வாசல்களிலும் கூடாரங்கள் முளைத்தன. வேலை கிடைத்த பிறகாவது நிலைமை சீராகுமா என்றால், 1997இலும் 2003இலும் வந்த தொழிலாளர் சட்டத் திருத்தங்கள் தற்காலிக ஒப்பந்த வேலைகளுக்கு வழியை அகலத் திறந்தன. ஏற்கெனவே நிரந்தர வேலையில் இருந்த மூத்தவர்களின் பாதுகாப்பு பெரும்பாலும் அப்படியே இருந்தது. புதிதாக வருபவர்களின் தலையில்தான் நிலையாமை இறங்கியது. வீட்டுச் சொந்தக்காரர் நிரந்தர வேலை ஒப்பந்தத்தைக் காட்டு என்கிறார், இல்லையென்றால் அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல் என்கிறார். நாட்டில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள். வாடகைச் சந்தை சிறியது. இந்த நிலையில் அம்மா வீட்டில் தங்கிச் சேமித்து, முப்பது வயதில் நேராக ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனமான கணக்கு.

இந்த வேறுபாடு சட்டப் புத்தகத்திலும் தெரியும். ஸ்வீடனில் பிள்ளையைப் பராமரிக்கும் பெற்றோரின் கடமை 18 வயதோடு முடிகிறது. பள்ளிப் படிப்பு முடியாவிட்டால் 21 வரை. அதற்கு மேல் படிக்கிற பிள்ளைக்கு ஒரு குரோனாகூடக் கொடுக்கச் சட்டம் சொல்லாது. ஜெர்மனியில் தொழிற்பயிற்சியோ படிப்போ முடியும் வரை செலவு பெற்றோருடையது. இத்தாலியில் அந்தப் பிள்ளை தன் காலில் நிற்கும் வரை; அதற்கு வயது வரம்பே சட்டத்தில் எழுதப்படவில்லை. அதனால் மணமுறிவு வழக்குகளில் முப்பதைத் தாண்டிய மகனுக்கோ மகளுக்கோ தந்தை பணம் கட்ட வேண்டுமா என்று நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. 2020இல் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கொஞ்சம் கடிவாளம் போட்டது: படிப்பை முடித்தவர் தன் கனவுக்கேற்ற வேலை வரும் வரை பெற்றோர் தயவில் காத்திருக்க உரிமை கிடையாது, கிடைத்த வேலையைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு அவருடையது என்று. அந்த வழக்கு முப்பதுகளில் இருந்த, பகுதிநேரமாக இசை கற்பித்த ஒருவரைப் பற்றியது.

2007இல் அன்றைய இத்தாலிய நிதியமைச்சர் தொமாசோ பதோவா ஸ்கியோப்பா, இளம் வாடகைதாரர்களுக்கு வரிச் சலுகை அறிவித்தபோது, வீட்டை விட்டு நகராதவர்களை 'பம்போச்சோனி' என்றார். பெரிய பாப்பாக்கள் என்று சொல்லலாம். நாடே கொதித்தது, மாதம் ஆயிரம் யூரோவில் நாங்கள் எங்கே போவது என்று இளைஞர்கள் கேட்டார்கள். 2010இல் இன்னோர் அமைச்சர் ரெனாத்தோ புருனெத்தா, 18 வயதில் பிள்ளைகளை வெளியேற்றச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்றார். தான் முப்பது வயது வரை வீட்டில் இருந்ததையும், படுக்கையை அம்மாவே விரித்துக்கொடுத்ததையும் அவரே ஒப்புக்கொண்டார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

பாலம் போடுபவர் யார் என்பதிலேயே முழு விடையும் அடங்கிவிடுகிறது என்று சொல்லி முடித்தால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் நேர்மையாக இருக்காது. இங்கிருந்து நிலம் கொஞ்சம் சதுப்பு.

பணம் இருந்தால் இத்தாலியப் பிள்ளைகளும் போய்விடுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? பெற்றோரின் வருமானம் கூடினால் இத்தாலியில் பிள்ளை வீட்டிலேயே தங்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியது. பிள்ளை பக்கத்தில் இருப்பது பெற்றோருக்குப் பிடிக்கிறது. வசதி இருப்பவர்கள் அந்த மகிழ்ச்சியை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அதன் வாதம். இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த, ஐரோப்பியக் குடியேறிகளின் பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேலைச் சந்தை, ஒரே சட்டம், ஒரே வாடகை. ஆனாலும் தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டை விட்டுத் தாமதமாகவே போனார்கள். அரசுக் கொள்கை மட்டுமே காரணம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

வரலாற்றாசிரியர்கள் இன்னும் பின்னால் போவார்கள். 1965இல் ஜான் ஹாஜ்னல் என்ற புள்ளியியலாளர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் திரியெஸ்தே வரை ஐரோப்பாவின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு மேற்கே திருமணங்கள் தாமதமாக நடந்தன; கணிசமானவர்கள் திருமணமே செய்துகொள்ளவில்லை. குறிப்பாக இங்கிலாந்து, நெதர்லாந்து, ஸ்காண்டிநேவியா போன்ற வடமேற்குப் பகுதிகளில் பதின்ம வயதுப் பிள்ளைகள் அடுத்தவர் பண்ணையிலும் வீட்டிலும் ஊழியம் செய்யப் போவது ஏழைகளுக்கு மட்டும் உரிய வழக்கமாக இல்லை. ஓரளவு நிலம் வைத்திருந்த குடியானவர்களின் பிள்ளைகளும் போனார்கள். சில ஆண்டுகள் உழைத்துக் காசு சேர்த்து, பிறகு திருமணம், பிறகு சொந்தக் குடித்தனம். தெற்கே அந்த வழக்கம் அவ்வளவு பரவலாக இருக்கவில்லை. கோபன்ஹேகன் உணவகத்தில் தட்டுக் கழுவும் 19 வயதுப் பையன் அந்தப் பண்ணையாளின் கொள்ளுப்பேரன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வழக்கம் முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி எந்த வழியாகக் கைமாறி வந்தது என்பதை யாரும் கண்ணியோடு கண்ணி கோத்துக் காட்டியதில்லை. தெற்கே இந்த வயது இவ்வளவு ஏறியதும் எண்பதுகளுக்குப் பிறகுதான். பழைய பழக்கமும் புதிய வாடகையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன என்பது என் எண்ணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மொழியிலும் இது தெரிகிறது. இத்தாலியில் 'சிஸ்தமார்சி' என்று ஒரு வினைச்சொல் உண்டு. வேலை, திருமணம், வீடு எல்லாம் ஒருவழியாக அமைந்து நிலைகொள்வதை அந்த ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் "பையன் செட்டில் ஆகிவிட்டானா?" என்று கேட்பதன் அச்சு அசல். தமிழில் தனிக்குடித்தனம் என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு ஜோடி தேவை. திருமணமாகாத 21 வயதுப் பெண் ஒரே ஊரில் பெற்றோரை விட்டுத் தனியாக வாழ்வதைக் குறிக்க நம்மிடம் சண்டையோ சோகமோ கலக்காத ஒரு சொல் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

பாசத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பாவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 2004 முதல் தொடர்ந்து நடத்தப்படும் 'ஷேர்' என்ற பெரிய கணக்கெடுப்பு இருக்கிறது. அதன்படி தெற்கே பிள்ளைகள் தனியாகப் போன பிறகும் பக்கத்துத் தெருவிலோ அதே கட்டடத்திலோ இருப்பது அதிகம். தினசரிப் பேச்சும் அதிகம். இது நாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பேரப்பிள்ளைகள் விஷயத்தில் வந்தது. பேரனையோ பேத்தியையோ எப்போதாவது பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளின் விகிதம் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் இத்தாலியைவிட அதிகம். நாள் முழுக்க, அன்றாடம் பார்த்துக்கொள்வது இத்தாலியிலும் கிரீசிலும் அதிகம். வடக்கே பலரும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறார்கள். தெற்கே சிலர் முழுப் பாரத்தையும் தூக்குகிறார்கள். இதில் எது பாசம் என்று கணக்கெடுப்புப் படிவத்தால் சொல்ல முடியாது. டேனிஷ் பெற்றோர் பிள்ளைக்காக நகரத்தில் ஓர் அடுக்ககத்தை வாங்கி அதைப் பிள்ளைக்கே வாடகைக்கு விடுவதும் சகஜம்; 'பெற்றோர் வாங்கல்' என்று அதற்கு ஒரு தனிச் சொல்லே இருக்கிறது. அரசின் பாலத்துக்கு அடியிலும் குடும்பம் தோள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வசதியான குடும்பம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் போவதற்கு விலையும் உண்டு. வருமானக் கணக்கில் பார்த்தால் வடக்கு நாடுகளில் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களிடம் வறுமை விகிதம் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். அப்பாவின் சம்பளத்துக்குள் இருந்தவரை இல்லாத வறுமை, அறை எடுத்த மறுநாள் வந்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு அது சில ஆண்டுகளில் நீங்கிவிடும் என்பதால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஸ்டாக்ஹோமில் நகராட்சியின் வாடகை வீட்டு வரிசையில் 18 வயதில் பெயர் பதிந்தவருக்குச் சாவி கைக்கு வரச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் போல ஆகிவிடுகிறது. அதுவரை அடுத்தவர் ஒப்பந்தத்தில் உள்வாடகை, ஆறு மாதத்துக்கு ஒரு பெட்டி கட்டல்.

அமெரிக்காவில் 18 வயதில் துரத்திவிடுவார்கள் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அங்கே அரசுக் கல்வி உதவிக்கு விண்ணப்பித்தால், திருமணம் போன்ற விதிவிலக்கு எதுவும் இல்லாத இளநிலை மாணவரை 24 வயது வரை பெற்றோரைச் சார்ந்தவராகவே கணக்கிட்டு அவர்கள் வருமானத்தைக் கேட்கிறார்கள். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை நீடிக்கலாம். 2020 ஜூலையில், பெருந்தொற்றின் நடுவே, 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோருடன் இருந்தார்கள். துரத்தல் கதையை இதற்கு மேல் விரிக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவை விட்டு ஒரு நாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். பாலத்தை யார் கட்டுகிறார் என்பதோடு, எந்த வரிசையில் அதன் படிகளை வைக்கிறார் என்பதும் முக்கியம். அதை மிகத் தெளிவாகக் காட்டுவது சிங்கப்பூர். அங்கே மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில், அங்குள்ள தமிழர்கள் சொல்வது போல வீவக வீடுகளில், வாழ்கிறார்கள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் தேசிய சேவை. அது 18 வயதுவாக்கில் தொடங்கும். கழகத்தின் புது வீட்டை வாங்க வேண்டுமென்றால் பொதுவாகக் குடும்பமாக விண்ணப்பிக்க வேண்டும். திருமணமாகாதவர் தனியாக வாங்க 35 வயது ஆக வேண்டும். நிச்சயிக்கப்பட்ட ஜோடி திருமணத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். வீடு கட்டி முடிய மூன்று, நான்கு ஆண்டுகள். ஆகவே இருபதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பையன் தன் காதலியிடம் "வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்பதே அங்கே மண வேண்டுகோள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பாதிதான் வேடிக்கை. காதல், விண்ணப்பம், காத்திருப்பு, சாவி, திருமணம், அப்புறம்தான் பெற்றோரை விட்டுப் போவது. நல்ல சம்பளம் வாங்கும் 30 வயது ஆணோ பெண்ணோ அப்பா அம்மாவோடு இருப்பதைப் பார்த்துச் சிங்கப்பூரில் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. டேனிஷ் அரசு 18இல் தள்ளுகிறது. சிங்கப்பூர் அரசு ஜோடி சேரும் வரை நிறுத்திவைக்கிறது. இரண்டுமே தாராளமாகச் செலவு செய்யும் அரசுகள்தான். ஒன்று தனி ஆளைப் பார்த்துச் செலவழிக்கிறது, மற்றது குடும்பத்தைப் பார்த்து.

ஜப்பானைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட மனமில்லை. அங்கே 1876 முதல் 20ஆக இருந்த சட்டப்படியான வயதுவந்த பருவம் 2022 ஏப்ரல் 1 முதல் 18 ஆனது. ஆனால் மதுவுக்கும் புகையிலைக்கும் இன்னும் 20 ஆக வேண்டும். ஜனவரியில் நடக்கும் வயதுவந்தோர் விழாவைப் பல நகராட்சிகள் பெயரை மட்டும் மாற்றிவிட்டு இருபது வயதினருக்கே நடத்துகின்றன. சட்டம் ஒரு நாளில் மாறிவிடுகிறது. விழாவுக்கென்று கிமோனோ உடை தைத்து வைத்த குடும்பங்களுக்கு இருபதுதான் இருபது.

கடைசியாக உங்கள் அண்ணன் மகளைப் பற்றி. நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது இதுதான். அந்தப் பெண்ணும் உணவகத்தில் உடன் வேலை செய்யும் டேனிஷ் பிள்ளைகளும் ஒரே மேடையில் நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் ஒப்பிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து படிக்க வருபவர்களிடம் 2006 முதல் டென்மார்க் கட்டணம் வாங்குகிறது. மாதாந்திரப் படிப்புத்தொகையும் பொதுவாக அவர்களுக்குக் கிடையாது. மாதத்தில் இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று விசாவில் வரம்பும் உண்டு. கல்விக்கடன் வாங்கியிருந்தால் அநேகமாக உங்கள் அண்ணன்தான் இணைக் கடனாளி. ஆக, அவர் தங்கியிருப்பது கோபன்ஹேகனில் என்றாலும், பள்ளத்தைக் கடப்பது மிலான் முறையில்: அப்பாவின் தோளில். 24 வயதில் கண்காணாத ஊரில் சமைத்து, சம்பாதித்து, வாடகை ஒப்பந்தம் படித்துக் கையெழுத்திடும் அவரை யூரோஸ்டாட் 'வெளியேறியவர்' என்று எழுதிக்கொள்ளும். அதே ஆண்டு உங்கள் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளரிடம் அண்ணி சொல்லப்போகும் முதல் பெயர் யாருடையதாக இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.